தறி எங்கம்மா? – காஞ்சிபுரத்தில் வீடு வரைந்தவர்களின் கதை

சொர்ணவாரி அறுப்பு முடிந்து நெல்லைப் போட்டாச்சு. சம்பாவுக்கு ஏரியில் தண்ணி வரணும். இந்த இடைவெளியில் ரொம்ப நாளா தள்ளிப்போட்ட ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். பட்டணத்தில் இருக்கிறவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "ஊர்ல தாத்தா காலத்து வீடு இருக்கு. இடிச்சுக் கட்டலாமா, இருக்கிறதையே சரி பண்ணலாமா? அதுக்கு டிசைனர் ஒருத்தர் வேணுமா, மேஸ்திரியே போதுமா?"

என் கழனி வாலாஜாபாத் பக்கம். எங்களுக்கு டவுன்னா காஞ்சிபுரம்தான். அதனால காஞ்சிபுரத்தை வச்சே பதில் சொல்றேன். கொஞ்சம் சுத்தி வரும், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒண்ணு. வீட்டை ஒருத்தர் வரைஞ்சு கொடுக்க, இன்னொருத்தர் கட்டுறது பட்டணத்துல இருந்து வந்த புதுப் பழக்கம்னு நம்ம ஆளுங்க நினைக்கிறாங்க. அது இந்த மண்ணுல ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. உத்திரமேரூர்னா எல்லாருக்கும் குடவோலைக் கல்வெட்டுதான் ஞாபகம் வரும். பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டினது. அந்தக் கல்வெட்டுல ஓலைச்சீட்டுல பேர் எழுதப்படணும்னா சில தகுதி சொல்லியிருக்காங்க. வரி கட்டுற கால் வேலி நிலம் இருக்கணும். வயசு 35-க்கு மேல், 70-க்குள் இருக்கணும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கணும். அதாவது ஊர்க்காரியத்துல பேச உனக்கு உரிமை வேணும்னா, இந்த ஊர்ல உனக்குன்னு கட்டின ஒரு வீடு இருக்கணும். பத்திரத்துல பேர் இருந்தா மட்டும் பத்தாது, அதுல நீ குடியும் இருக்கணும்.

அதே உத்திரமேரூர்ல சுந்தரவரதப் பெருமாள் கோயில் இருக்கு. மூணு நிலை, மூணுலயும் பெருமாள். அந்த விமானத்தை அமைச்சவர் பாடகத்துப் பரமேசுவரப் பெருந்தச்சன்னு அங்குள்ள கல்வெட்டு பேர் சொல்லுது. பாடகம்ங்கறது காஞ்சிபுரத்துல பாண்டவதூதப் பெருமாள் இருக்கிற இடம். ராஜாக்கள் பேரா நிறைஞ்சிருக்கிற கல்வெட்டுகளுக்கு நடுவுல, காஞ்சிக்காரர் ஒருத்தர் "இதை வரைஞ்சது நான்"னு நிக்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

இன்னொருத்தர் கதை இதைவிட சுவாரசியம். காஞ்சி கைலாசநாதர் கோயிலை ராஜசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல கட்டினான். கொஞ்ச வருஷத்துலயே சாளுக்கிய ராஜா இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோட வந்து காஞ்சியைப் பிடிச்சான். ஆனா கோயில் பொருளைக் கொள்ளையடிக்கலை, கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். இதைச் சொல்ற கன்னடக் கல்வெட்டு கைலாசநாதர் கோயில் தூண்லயே இருக்கு. அந்த வெற்றி நினைவா அவன் ராணி லோகமாதேவி கர்நாடகத்துல பட்டடக்கல்ல ஒரு கோயில் கட்டினாங்க. இன்னைக்கு விருபாட்சர் கோயில்னு சொல்றோம். நம்ம கைலாசநாதர் கோயில் சாயல் அதுல நல்லாத் தெரியும்.

அந்தக் கோயில்ல கட்டடக் கலைஞர்கள் பேரும் இருக்கு. குண்டன் அனிவாரிதாச்சாரிக்குத் திரிபுவனாச்சாரின்னு பட்டம் கொடுத்திருக்காங்க. சர்வசித்தி ஆச்சாரின்னு இன்னொருத்தரைத் தென்திசைச் சூத்ரதாரின்னு கல்வெட்டு புகழுது. அந்தப் புகழ்ச்சியைக் கவனிச்சுப் பாருங்க. பல ஊர்களையும் வீடுகளையும் அமைச்சவர்னு சொல்லுது. அரண்மனையோட நிக்காம வண்டி, ஆசனம், கட்டில் வரைக்கும் அவர் திறமைன்னு அடுக்குது. கோயில் கட்டினவர்னு மட்டும் சொல்லி முடிக்கலை. மனுஷன் எதுல உட்கார்றான், எதுல படுக்கிறான்னு யோசிச்ச கை அது.

மயமதம்னு ஒரு பழைய சிற்ப நூல் இருக்கு. அதுல வேலைக்காரங்க நாலு வகை. மொத்தப் பொறுப்பும் ஸ்தபதிக்கு. அவருக்கு மகனாவோ சீடனாவோ இருந்து நூல் பிடிச்சு அளக்கிறவர் சூத்திரகிராகி. கல்லும் மரமும் செதுக்குறவர் தட்சகன். செதுக்கினதைப் பொருத்தி எழுப்புறவர் வர்த்தகி. இன்னைக்கு ஆர்க்கிடெக்ட், டிராஃப்ட்ஸ்மேன், ஆசாரி, மேஸ்திரின்னு நாம சொல்ற வரிசைக்கு இது ரொம்ப தூரம் இல்லை. அளவுகோலும் ஒண்ணு இல்லை. வண்டி, கட்டிலுக்கு 24 அங்குலக் கோல், ஊரை அளக்க 27 அங்குலக் கோல். எதுக்காகக் கட்டுறோமோ அதை வச்சுத்தான் அளவு. வாஸ்துன்னா அக்னி மூலை, குபேர மூலைன்னு மட்டும் பேசுற ஆளுங்க இந்தப் பக்கத்தைப் படிக்கிறதே இல்லை.

சரி, கோயிலும் அரண்மனையும் போகட்டும். சாதாரண ஜனங்க வீடு?

காஞ்சியில நெசவாளர் குடியிருப்புகள் இருந்ததுக்கு நல்ல ஆதாரம் உத்தம சோழன் செப்பேடு. 10-ஆம் நூற்றாண்டுக் கடைசியில எழுதினது, சென்னை மியூசியத்துல இருக்கு. காஞ்சிபுரத்துல நாலு சேரிகள்ல இருந்த நெசவாளர்களைப் பத்தியும், ஊரகத்துப் பெருமாள் கோயில், அதாவது இப்போதைய உலகளந்த பெருமாள் கோயில் நிர்வாகத்துல அவங்களுக்கு இருந்த பொறுப்பைப் பத்தியும் அது பேசுது. அப்ப சேரின்னா குடியிருப்புன்னுதான் அர்த்தம், இப்ப சொல்ற அர்த்தம் இல்லை. ஆயிரம் வருஷமா காஞ்சியில நெசவாளர் தெரு கோயிலை ஒட்டியே இருந்திருக்கு.

அந்தத் தெரு எதுக்கு அவ்வளவு அகலம்? தேர் போகத்தான்னு சொல்வாங்க. தேர் ஓடுற வீதிக்கு அது சரி. தேர் வராத நெசவாளர் தெருவும் நேராத்தானே இருக்கு? காலையில பாவு போடுறதைப் பார்த்தவங்களுக்குக் காரணம் புரியும். மூணு புடவைக்கான பாவுன்னா நீளம் ஏறக்குறைய 60 அடி. அதை விறைப்பா நீட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிச்சு, சுருட்டணும். வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். நாலு வீட்டுக்காரங்க கை கொடுத்தாத்தான் நடக்கும். அதனால தெருவே அவங்களுக்குப் பட்டறை.

வீடும் அப்படித்தான். முன்பக்கம் அகலம் குறைச்சல், உள்ளே நீளம் அதிகம். திண்ணை, நடை, கூடம், முற்றம், சமையல்கட்டு, கொல்லை. கூடத்துல தரையில பள்ளம் தோண்டி அதுல தறி. நெசவாளர் தரை மட்டத்துல உட்கார்ந்து காலைக் குழிக்குள்ள விட்டு மிதியை மிதிப்பார். குழி எதுக்குன்னா கால் வசதிக்காக மட்டும் இல்லை. மண்ணோட ஈரம் பட்டு இழையைக் காய விடாது. காஞ்ச காத்து பட்டா இழை அறுக்கும். மேல ஓடு, உயரமான கூரை. ஜக்கார்டு வந்தப்ப அந்தப் பெட்டியைத் தறிக்கு மேல ஏத்த இந்த உயரம் கை கொடுத்துச்சு. முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டுல விழும், புடவை நிறம் பொய் சொல்லாது. கோர்வைப் புடவைக்குக் கரையும் உடலும் தனித்தனி நாடாவுல ஓடும், பக்கத்துல இன்னொரு ஆள் உட்காரணும். அந்த ஆளுக்கும் சேர்த்துத்தான் கூடத்து அகலம். அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்தா தறி தெரியும். பெண்டுங்க சமையலையும் நூல் வேலையையும் மாத்தி மாத்திப் பார்ப்பாங்க.

இந்த வீட்டை வரைஞ்ச டிசைனர் யாருன்னு கேட்டா, பேர் சொல்ல ஆள் இல்லை. மேஸ்திரியும் தச்சரும் வீட்டுக்காரரும் திண்ணையில உட்கார்ந்து பேசினதுதான் பிளான். ஆனா மேஸ்திரிக்குத் தறின்னா என்னன்னு தெரியும். அவர் அதே ஊர்ல பொறந்தவர்.

இதைக் கண்ணால கண்டு வியந்த ஒரு வெள்ளைக்காரர் உண்டு. பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர், முதல்ல உயிரியல் படிச்சவர், அப்புறம் நகர அமைப்புக்கு வந்தவர். சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைப்புல 1914-ல வந்தார். அவரோட நகரக் கண்காட்சிப் படங்கள் வந்த கப்பலை எம்டன் மூழ்கடிச்சுட்டுது. ஆமா, சென்னை மேல குண்டு போட்ட அதே எம்டன்தான். நண்பர்கள் மறுபடி படம் சேகரிச்சு அனுப்ப, 1915-ல சென்னையில கண்காட்சி நடந்தது. பிறகு மாகாணத்து ஊர் ஊரா சுத்தினார். காஞ்சிபுரத்தைப் பார்த்துட்டு, இவ்வளவு விசாலமா, கட்டுக்கோப்பா, அதே நேரத்துல ஒவ்வொருத்தர் கைத்திறனுக்கும் இடம் விட்டு அமைஞ்ச ஊருக்கு இந்தியாவிலும் வெளியிலும் ஈடு சொல்லத் தெரியலைன்னு எழுதினார்.

நமக்கு வேண்டியது அவர் வேலை செஞ்ச முறை. முதல்ல நோய் என்னன்னு பாரு, அப்புறம் வைத்தியம் பண்ணுங்கறதுதான் அவர் பாடம். வள்ளுவர் மருந்து அதிகாரத்துல சொன்ன அதே விஷயம். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில நேரா ஒரு ரோடு போட்டு வீடுகளைத் தள்ளுற யோசனை இருந்தப்ப, அவர் தெருத் தெருவா நடந்தார். இடிஞ்சு கிடக்கிற வீட்டை மட்டும் எடுங்க, அந்தக் காலி இடத்தைத் திறந்துவிடுங்க, மிச்சத்தைத் தொடாதீங்கன்னார். பழைய வீட்டைச் சரி பண்ற ஒவ்வொருத்தருக்கும் இது பொருந்தும்.

அவருக்கப்புறம் லாரி பேக்கர். 1917-ல பர்மிங்ஹாம்ல பிறந்து, 1945-ல இந்தியாவுக்கு வேலைக்கு வந்து, 2007-ல திருவனந்தபுரத்துல இறந்தவர். அஞ்சு மைல் சுற்றளவுல கிடைக்கிற பொருள்லயே வீடு கட்டணும்னு காந்தி சொன்னதை வாழ்நாள் முழுக்கப் பிடிச்சுக்கிட்டவர். செங்கலைப் படுக்க வைக்காம நிறுத்தி வச்சு நடுவுல இடைவெளி விடுற எலிப்பொறிக் கட்டு அவரால பிரபலமாச்சு. செங்கல் கிட்டத்தட்ட கால் பங்கு மிச்சம், உள்ளே சூடும் குறைவு. இதைவிடப் பெரிசு, அவர் வீட்டுக்காரங்களோட பேசின விதம். பயன்படுத்தின தாளோட பின்பக்கத்துல வரைவார், மேஸ்திரியோட சைட்ல நிப்பார், மரம் குறுக்கே வந்தா சுவரை வளைப்பார்.

சென்னைக்காரங்க பேக்கர் கையையும் காஞ்சி வீட்டையும் ஒரே இடத்துல பார்க்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில முட்டுக்காட்டுல 1996-ல திறந்த தட்சிணசித்ரா. அதோட அமைப்பைத் திட்டமிட்டதுல பேக்கருக்குப் பங்கு உண்டு. அங்க காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு ஒண்ணு இருக்கு. ஆனா டிக்கெட் வாங்கிப் பார்க்கிற காலம் வந்துட்டுதேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு வலி. ஏன்னா உசுரோட இருக்கிற வீடுகள் காஞ்சியில வேகமா போய்க்கிட்டு இருக்கு.

பிள்ளையார்பாளையத்துல எனக்கு ஒரு சிநேகிதன். கூடப் படிச்சவன். அவன் வேலை வேற, ஆனா அவங்க அம்மாவும் தம்பியும் இன்னும் நெய்யறாங்க. ரெண்டு தறி. தெருவுக்கு ரோடு மேல ரோடு போட்டதுல வீடு பள்ளமாயிட்டுது. ஐப்பசி மழைன்னா குழியில தண்ணி ஊறி, வாரக்கணக்குல வேலை நின்னுடும். அதான் வீட்டைச் சரி பண்ணணும்னு ஆரம்பிச்சாங்க. சென்னையில படிச்சிட்டு வந்த ஒரு பொண்ணு, கட்டட டிசைன் பண்றவங்க. நல்ல திறமைசாலி. டேப் வச்சு மூலை முடுக்கெல்லாம் அளந்தாங்க. ஒரு வாரத்துல படம் வந்துச்சு. முன்னாடி போர்டிகோ, அப்புறம் ஹால், டைனிங், ரெண்டு பெட்ரூம், அட்டாச்டு பாத்ரூம், மாடி வாடகைக்கு. கம்ப்யூட்டர்ல கலர் கலரா, வாசல்ல ஒரு கார் கூட நின்னுச்சு. அவங்ககிட்ட கார் கிடையாது.

எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. பெரியம்மா மட்டும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "ஏம்மா, எல்லாம் சரி. தறி எங்கம்மா?"

அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் பேசலை. "நீங்க ரூம் லிஸ்ட்ல சொல்லலையேம்மா"ன்னாங்க. அதுவும் நியாயம்தான். எத்தனை பெட்ரூம்னு கேட்டாங்க, இவங்களும் பெட்ரூமை எண்ணிச் சொன்னாங்க. தறி ஒரு ரூம் இல்லையே, அது எண்ணிக்கையில வராது. வீட்டுக்காரங்களுக்கோ அது சொல்லணும்னே தோணலை. மூச்சு விடுறோம்னு யார் சொல்வாங்க?

அதுக்கப்புறம் அவங்க செஞ்சதுக்காகத்தான் இதை எழுதுறேன். படத்தைச் சுருட்டி வச்சுட்டு, மறுநாள் காலையில அஞ்சரை மணிக்கு வந்தாங்க. ரெண்டு நாள் கூடத்து ஓரத்துல உட்கார்ந்து பார்த்தாங்க. பெரியம்மா எத்தனை தடவை எழுந்திரிக்கிறாங்க, வெளிச்சம் எந்த நேரத்துல எங்க விழுது, பாவு எந்த வழியா உள்ளே வருது, தம்பி குழியில இறங்கும்போது கையை எங்க ஊனுறான், எல்லாம் நோட்டுல குறிச்சுக்கிட்டாங்க. கெடிஸ் தெருத் தெருவா நடந்த மாதிரிதான்.

ரெண்டாவது படம் வேற மாதிரி வந்துச்சு. தரையை ரோட்டுக்கு மேல ரெண்டடி உசத்தி, குழியைப் புதுசா செங்கல் கட்டி, வெளியில இருந்து தண்ணி ஊறாம பூச்சு. முன்கூடத்துக்கு மேல மாடி ஏத்தலை. ஜக்கார்டு பெட்டிக்குத் தேவையான உயரம் விட்டு, பழைய ஓட்டையும் தூலத்தையும் அப்படியே பிரிச்சு மறுபடி போட்டாங்க. மாடி ரூம் பின்பக்கம் மட்டும். போர்டிகோ போச்சு, திண்ணை திரும்பி வந்துச்சு. தெருவுல இப்ப டூவீலர் தொல்லையில பாவு நீட்ட முடியலை. வீடு உள்ளே 70 அடி நீளம். அதனால வாசக்கால்ல இருந்து கொல்லைக் கதவு வரைக்கும் எல்லாக் கதவையும் ஒரே நேர்ல வச்சு, பாவு ஓடுற வழியா அமைச்சுட்டாங்க. "இது பழைய முறைதானே"ன்னு பெரியம்மா சிரிச்சாங்க. ஒரு தறியைத்தான் காப்பாத்த முடிஞ்சுது, ரெண்டாவதுக்கு இடம் இல்லை. பெரியம்மாவுக்கு அது குறைதான். மாடியில வாடகையும் முதல்ல நினைச்சதைவிடக் குறைவு. வீட்டுல எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்துச்சு.

அதே தெருவுல எத்தனையோ வீட்டுல முதல் படத்தையே கட்டிட்டாங்க. குழியை மண்ணடிச்சு மூடி டைல்ஸ் போட்டாச்சு. டைல்ஸ் போட்ட குழியை மறுபடி தோண்டின வீட்டை நான் பார்த்ததில்லை. நூல் விலை, கூலி, விசைத்தறின்னு நெசவு நிக்கிறதுக்கு நூறு காரணம் உண்டு. வீட்டுப் படமும் அதுல ஒண்ணுன்னு யாரும் சொல்றதில்லை.

கிராமத்துல மட்டும் என்ன வாழுது? எங்க பக்கம் புது வீடெல்லாம் பட்டணத்து வீடு மாதிரியே இருக்கு. நெல் மூட்டை சோபாவுக்குப் பக்கத்துல அடுக்கியிருக்கும். டிராக்டர் மழையில நனையும். மாடு கட்ட இடம் இல்லாம மாட்டை வித்தவங்க உண்டு. அவங்க வரைஞ்சவர்கிட்ட பெட்ரூம் கணக்குதான் சொன்னாங்க.

அதனால, ஊர்ல வீடு வச்சிருக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். டிசைனர் வேணுமான்னா, நல்லவர் கிடைச்சா கண்டிப்பா வேணும். ஆனா முதல் சந்திப்புல ரூம் லிஸ்ட் கொடுக்காதீங்க. காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் வீட்டுல யார், எங்க, என்ன பண்றாங்கன்னு எழுதிக் கொடுங்க. வீட்டுல அதிகம் பேசாத ஆளை, முக்கியமா அம்மாவையும் பாட்டியையும், படத்து முன்னாடி உட்கார வைங்க. டிசைனரை ஒரு மழை நாள்ல வரச் சொல்லுங்க, தண்ணி எங்க நிக்குதுன்னு அப்பத்தான் தெரியும். தாள்ல எத்தனை தடவை வேணாலும் மாத்துங்க, சுவர் எழும்பினப்புறம் மாத்தினா காசு. கட்டணம் எந்தெந்தக் கட்டத்துல, சைட்டுக்கு எத்தனை தடவை வருவாங்கன்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கங்க.

சட்டமும் கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க. 1972 சட்டப்படி ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்கணும்னா கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு இருக்கணும். வேற பேர்ல டிசைன் பண்றவங்களும் நல்ல வேலை செய்யலாம், ஆனா யார் என்னன்னு கேட்டுக்கறது உங்க உரிமை. 2024 ஜூலையில இருந்து தமிழ்நாட்டுல 2,500 சதுர அடிக்குள்ள மனையில, 3,500 சதுர அடி வரைக்கும் தரையும் ஒரு மாடியுமா கட்டுற வீட்டுக்குச் சுயசான்று முறையில ஆன்லைன்லயே அனுமதி வாங்கலாம். காஞ்சிபுரத்துல கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்புல இருக்கு. 2010-ல திருத்தின சட்டப்படி அதுங்களைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா கட்ட முடியாது, பழுது பார்க்க அனுமதி வாங்கணும். அடுத்த 200 மீட்டர்லயும் அனுமதி இல்லாம எதுவும் செய்யக் கூடாது. அங்க வீடு வச்சிருக்கிறவங்க இதைத் தலைவலின்னு நினைப்பாங்க. இடிச்சுக் கட்ட முடியாதவன்தான் இருக்கிற வீட்டை ஒழுங்காப் பார்ப்பான்னு எனக்குத் தோணும்.

சிநேகிதன் வீட்டுல இப்ப இந்த மழைக்குக் குழியில தண்ணி வரலை. தம்பி கல்யாணப் புடவை ஒண்ணு ஓட்டிக்கிட்டு இருக்கான், அரக்குல பச்சைக் கரை. அந்த டிசைனர் பொண்ணுக்கு அதே தெருவுல இன்னும் ரெண்டு வீட்டு வேலை வந்திருக்கு. ரெண்டு வீட்டுலயும் அவங்க முதல்ல கேட்ட கேள்வி, "தறி எங்க வரணும்?"